ட்ராப்பில் (பறக்கும் களிமண் தட்டை ஷாட்கனால் சுடும் போட்டி) 25 தட்டுக்கு 18 தாண்ட மாட்டேன் என்கிறது, எதை முதலில் சரி செய்ய?

ராயபுரம் பையன்:
கல்லூரியில் என்சிசி-யில் ரைஃபிள் சுட்டுப் பழகியவன் நான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம்ம புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் ட்ராப்பில் நின்றதைப் பார்த்த பிறகுதான் ஷாட்கன் பக்கம் வந்தேன். துப்பாக்கி கிளப்புடையது. ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி ரேஞ்சுக்குப் போகிறேன், மாதத்துக்கு நாலு ரவுண்டுக்கு (ஒரு ரவுண்டு 25 தட்டு) மேல் தோட்டா வாங்கக் கட்டுப்படியாகாது. எப்போதும் 17, 18தான் வருகிறது, தட்டுக்கு இரண்டு தோட்டா சுடலாம் என்பதால் அதிலும் பாதி இரண்டாவது தோட்டாவில் உடைவது. சோக் (பாரல் எனும் குழலின் நுனிக் குறுக்கம்) மாற்று என்கிறார் ஒருவர், சொந்தத் துப்பாக்கி வாங்கு என்கிறார் இன்னொருவர். உண்மையாகவே முன்னேற வேண்டும், சொல்லுங்கள் அண்ணா.

திருவொற்றியூர் அண்ணன்:
தம்பி, சோக்கைத் தொடாதே. உன்னைப் பிடித்து வைத்திருப்பது ரைஃபிள் பழக்கம். அங்கே முன்குறியைத் தெளிவாகப் பார்ப்பாய், மூச்சை அடக்குவாய், ட்ரிகரை மெல்ல அழுத்துவாய். இங்கே அந்த மூன்றும் ஆகாது. பாரல் நுனியில் இருக்கும் மணியை ஒரு கணம் பார்த்தாலும் துப்பாக்கி நின்றுவிடும், தட்டு ஓடிக்கொண்டே இருக்கும், சுட்டது அதற்குப் பின்னால் போகும். கண் தட்டின் மேல் மட்டும் இருக்கட்டும், உடைந்த பிறகும் பாரல் ஓடட்டும்.

இரண்டாவது தோட்டாவில் உடைகிறது என்றாயே, அதற்குக் காரணம் நீ தட்டைத் தாமதமாகப் பார்ப்பது. தட்டை விடச் சொல்லி "புல்" என்று கூவும் முன் கண்ணைப் பாரலுக்கு மேலே, தட்டு வெளிவரும் குழிக்கு அப்பால் தளர்வாக நிறுத்து. ஃபைனலில் ஒரு தட்டுக்கு ஒரே தோட்டாதான், அதனால் இதை இப்போதே பழகிக்கொள்.

அப்புறம் ஒரு நோட்டு வாங்கு. குழியில் தட்டை எறியும் 15 மெஷின், நின்று சுடும் ஸ்டேஷனுக்கு மூன்று. 25 தட்டில் யாருக்கும் 10 இடது, 10 வலது, 5 நேர், அதில் அதிர்ஷ்டம் கிடையாது. விட்ட ஏழு எந்தப் பக்கம் போனது என்று எழுதாமல் 18 என்று மட்டும் எழுதினால் ஒன்றும் தெரியாது.

காசிமேடு புறாக்காரன்:
அண்ணன் சொன்னது சரி. ராயபுரம் ப்ரோ, உங்கள் ஆதிக்கக் கண் எது என்று பார்த்தீர்களா? இரண்டு கையையும் நீட்டி விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை வைத்து, தூரத்துக் கிரேன் ஒன்றை அதற்குள் பாருங்கள், ஒரு கண்ணை மூடுங்கள். கிரேன் மறைந்தால் மூடிய கண்தான் ஆதிக்கக் கண். வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடது கண் ஆதிக்கமாக இருந்தால் எத்தனை ரவுண்டு சுட்டாலும் தடுமாற்றம்தான்.

தோட்டா செலவில்லாத பயிற்சி ஒன்று. எங்கள் மாடியில் பந்தயப் புறா வளர்க்கிறோம். காலையில் கூண்டைத் திறக்கும்போது கையில் எதுவும் இல்லாமல் நின்று, முதலில் எழும் புறாவைக் கண் எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது என்று பார்ப்பேன். தேடினால் கண் தாமதிக்கிறது, சும்மா திறந்து வைத்தால் புறாவே கண்ணை இழுத்துக்கொள்கிறது. இதைப் பழகிய பிறகு முதல் தோட்டாவிலேயே அதிகம் உடைக்கிறேன். தோளையும் கவனியுங்கள், மூன்றரைக் கிலோ துப்பாக்கியைப் போட்டியில் 125 தட்டுக்கும் தூக்க வேண்டும்.

ராயபுரம் பையன்:
நோட்டு போட்டேன். நாலு ரவுண்டில் விட்டது 27. இடது 7, நேர் 4, வலது 16! இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. கண் பரிசோதனையில் வலதுதான் வந்தது, அது நிம்மதி.

திருவொற்றியூர் அண்ணன்:
16 எதனால் என்று சொல்கிறேன். வலது தோளில் வைத்துக்கொண்டு வலப்பக்கம் திரும்பும்போது ஸ்டாக் (துப்பாக்கியின் பின்கட்டை) கன்னத்தை விட்டு விலகும், இடப்பக்கம் திரும்பினால் கன்னத்தோடு ஒட்டும். நீ கையால் மட்டும் தள்ளுகிறாய். இரண்டு பாதங்களையும் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி நின்று, இடுப்போடு சேர்ந்து திரும்பு.

ராயபுரம் பையன்:
இன்று அப்படியே செய்தேன், வலது பத்தில் எட்டு உடைந்தது. ஆனால் இடது மூன்று போய்விட்டது அண்ணா.

திருவொற்றியூர் அண்ணன்:
பாதத்தை அதிகம் திருப்பிவிட்டாய், பாதியாகக் குறை. அடுத்த ஞாயிறு நானும் வருகிறேன். தலை தூக்குகிறாயா என்பது பின்னால் நின்று பார்த்தால்தான் தெரியும்.