பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வை அளப்பது: உதவி தேவை

வணக்கம். பக்கவாதம் வந்தவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சியோடு மனநல ஆலோசனையும் கொடுத்தால் பலன் கூடுமா என்று ஆய்வு செய்யவிருக்கிறோம். அளவுகோல் பி.எச்.க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்விப் படிவம்: 9 கேள்விகள், உச்ச மதிப்பெண் 27, 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு மதிப்பீடு.

சிக்கல் இதில்தான். தூக்கம், களைப்பு, பசி பற்றிய கேள்விகளில் நோயே மதிப்பெண்ணை ஏற்றிவிடும். மனம் தெளிவாக இருப்பவரும் சோர்வுற்றவராகத் தெரிவார். மூளை பாதிப்பால் பேச்சிழந்தவர்கள் பலரால் படிவத்தை நிரப்பவே முடியாது. அவர்களை விலக்கினால், உதவி அதிகம் தேவைப்படுபவர்களே கணக்கில் வராமல் போவார்கள். அதற்கு எங்களுக்கு மனமில்லை.

பேச்சிழந்தவர்களின் மனச்சோர்வை அளக்க, பராமரிப்பவர் கவனித்துக் குறிக்கும் எஸ்.ஏ.டி.க்யூ-10 படிவத்தின் சரிபார்க்கப்பட்ட தமிழ் வடிவம் யாரிடமாவது உண்டா? இரண்டு அளவுகோல்களின் மதிப்பெண்களை ஒரே பகுப்பாய்வில் எப்படிச் சேர்த்தீர்கள்? ஆய்விலிருந்து இடையில் விலகியவர்களையும் (ஆலோசனை பெறுவோர், பெறாதோர் என) முதலில் ஒதுக்கிய குழுவிலேயே வைத்துக் கணக்கிடுவோம்; அதற்காக மாதிரி அளவை, அதாவது சேர்ப்பவர்களின் எண்ணிக்கையை, எவ்வளவு கூட்டினீர்கள் என்றும் சொல்லுங்கள்.