ரோமானிய 'கொலோனியா'வைத் தமிழில் 'காலனி' என்று எழுதலாமா?

ஏட்டுச்சுவடி:
கி.மு. 273-இல் இத்தாலியின் டஸ்கனிக் கடற்கரையில் ரோம் நிறுவிய 'கொலோனியா'வான (ஆட்களை அனுப்பிக் குடியமர்த்திய ஊரான) கோசா பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். பழைய நூல்கள் அதைக் 'குட்டி ரோம்' என்கின்றன. அந்தப் பார்வையே ஐரோப்பியப் பேரரசுக் காலத்தின் சாயல் என்கிறார்கள் இப்போதைய ஆய்வாளர்கள். பிழை எங்கே நுழைந்தது? 'காலனி' என்றே எழுதலாமா?

கல்வெட்டன்:
'குட்டி ரோம்' என்பதன் வேர் ரோமானிய எழுத்தாளர் அவுலுஸ் கெல்லியுஸின் ஒரு வரி. கொலோனியாக்கள் ரோமானிய மக்களின் சிற்றுருவங்கள் என்று அவர் எழுதியது கி.பி. 2ஆம் நூற்றாண்டில், கோசா தோன்றி 400 ஆண்டுகளுக்குப் பிறகு. அதற்குள் 'கொலோனியா' ஊர்கள் விரும்பிக் கேட்கும் பட்டமாகிவிட்டது. தன் சொந்த ஊரான, ஸ்பெயினிலுள்ள இத்தாலிக்காவே அதைக் கேட்டபோது பேரரசர் ஹாட்ரியன் வியந்ததையும் கெல்லியுஸ்தான் சொல்கிறார். லிபியாவின் லெப்டிஸ் மாக்னா பியூனிக் மக்களின் (கார்த்தேஜ் வழி ஃபினீசியரின்) பழைய ஊர்; பேரரசர் டிராஜன் காலத்தில் அதற்குப் பட்டம் கிடைத்தது, புதுக் குடிகள் வந்து இறங்கவில்லை. இந்த வரியைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்குச் சான்றாக வைக்காதீர்கள்.

மண்ணடுக்கு:
கோசாவின் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியே காலம் குறியுங்கள். 1948-இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த கபிடோலியம் கோயில் (ரோமின் கபிடோல் குன்றுக் கோயிலை ஒட்டிய ஊர்த் தலைமைக் கோயில்) கி.மு. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. கி.மு. 197-இல் மேலும் 1,000 பேரைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கிடைத்த பிறகு எழுந்தது அது. தொடக்கத்திலேயே முழு ஊரும் திட்டமிட்டுக் கட்டப்பட்டது என்ற எண்ணம் இங்கேயே ஆட்டம் காண்கிறது. மதிலுக்குள் இருப்பதோ சுமார் 13 ஹெக்டேர்தான். இத்தகைய லத்தீன் கொலோனியாக்களுக்கு (முழு ரோமானியக் குடியுரிமைக்குப் பதில் லத்தீன் உரிமை பெற்றவை) 2,500 முதல் 6,000 குடும்பத் தலைவர்கள் வரை அனுப்பியதாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. அத்தனை பேரும் மதிலுக்குள் அடங்கியிருக்க முடியாது.

இன்னொரு பொறி: கோசாவில் தெளிவில்லாததைத் தென் இத்தாலியின் இன்னொரு கொலோனியாவான பேஸ்டும் நகரைக் கொண்டு நிரப்புவது, பிறகு பேஸ்டுமுக்குக் கோசாவையே சான்றாகக் காட்டுவது. இது வட்டமடிக்கும் வாதம்.

ஏட்டுச்சுவடி:
பேரரசுச் சாயல் என்பது இதில் எங்கே வருகிறது?

பழந்தடம்:
பிரிட்டனில் வரலாற்றாய்வாளர் ஹேவர்ஃபீல்டு 1905-இல் 'ரோமானியமயமாதல்' பற்றிப் பேசினார். பிரிட்டன் சார்பில் எகிப்தை ஆண்ட குரோமர் 1910-இல் ரோமையும் பிரிட்டிஷ் இந்தியாவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். அல்ஜீரியாவில் ரோமானிய ஊரான டிம்காடைத் தோண்டிய பிரெஞ்சுக்காரர்களும், 1911-க்குப் பின் லிபியாவில் இத்தாலியரும் தங்களை ரோமின் வாரிசுகளாகவே கண்டார்கள். மேலானவர் கற்றுக்கொடுக்க உள்ளூரார் கற்றுக்கொள்வது என்ற ஒருவழிப் பாதை அங்கிருந்துதான் ஆய்வுக்குள் வந்தது. லெப்டிஸ் அரங்கில் லத்தீனுக்குப் பக்கத்திலேயே நவபியூனிக் (பியூனிக்கின் பிற்கால வடிவம்) எழுத்தும் இருப்பதை அந்தப் பாதையில் விளக்க முடியாது.

சொல்லுக்கு வருவோம். 'கொலெரே' என்றால் உழுதல், 'கொலோனுஸ்' உழவன். முதல் முறை 'கொலோனியா' என்றும், பிறகு 'குடியேற்ற ஊர்' என்றும் எழுதுங்கள். 'காலனி' என்றால் நம் வாசகருக்கு வெள்ளையர் ஆட்சியோ வீட்டுமனைக் குடியிருப்போதான் நினைவுக்கு வரும்.

ஆனால் நிலப்பறிப்பே இல்லாத குடியேற்றம் என்ற மறுகோடிக்கும் போய்விடாதீர்கள். கி.மு. 189-இல் பொனோனியாவில் (இன்றைய போலோன்யா) 3,000 பேருக்கு ஆளுக்கு 50 யூகெரா, குதிரைவீரருக்கு 70 என்று பகிர்ந்தார்கள். ஒரு யூகெரம் ஏறக்குறைய கால் ஹெக்டேர். அந்த நிலம் போயி என்ற கால் (Gaul) இன மக்களிடமிருந்து பறித்தது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியே எழுதியிருக்கிறார்.