‘ரிசர்வ்டு பவர்ஸ்’: ஒதுக்கப்பட்டவையா, எஞ்சியவையா, தக்கவைத்தவையா?

மதிப்பிற்குரிய குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மைய அரசுக்குக் கொடுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று கூறும் அமெரிக்க அரசமைப்பின் 10-ஆம் திருத்தத்தில் வரும் ‘ரிசர்வ்டு பவர்ஸ்’ என்பதற்கு ‘ஒதுக்கப்பட்ட அதிகாரங்கள்’ என்று நண்பர் ஒருவர் முன்மொழிந்ததையும், ‘எஞ்சிய அதிகாரங்கள்’ என்பதே பொருந்தும் என்று அம்மையார் ஒருவர் மறுமொழி எழுதியதையும் படித்தேன். இரண்டுக்கும் அகராதியில் இடம் உண்டு. ஆயினும் முதற்சொல் அந்த அரசமைப்பின் அடிப்படையைத் தலைகீழாகக் காட்டிவிடுகிறது என்றும், இரண்டாவது சொல் வேறொரு நாட்டின் ஏற்பாட்டை அங்கே கொண்டுபோய் வைத்துவிடுகிறது என்றும் கருதுவதால் இந்த மடலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒதுக்கீடு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவன இட ஒதுக்கீடு, நிதி ஒதுக்கீடு, வீட்டுமனை ஒதுக்கீடு ஆகியவை. மூன்றிலும் பொருளைக் கையில் வைத்திருப்பவர் ஒருவர். அதில் ஒரு பங்கைப் பெறுபவர் வேறொருவர். ஆகவே ‘மாநிலங்களுக்கு ஒதுக்கப்பட்ட அதிகாரங்கள்’ என்று படிக்கும் மாணவர், எல்லா அதிகாரமும் முதலில் வாஷிங்டனில் இருந்தது, அங்கிருந்து பிரித்து மாநிலங்களுக்குக் கொடுத்தார்கள் என்றே புரிந்துகொள்வார். நடந்தது இதற்கு நேர்மாறானது. 1787-இல் பிலடெல்பியாவில் அரசமைப்பை எழுதக் கூடியபோது 13 மாநிலங்களும் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த அரசுகள். மாசசூசெட்ஸ் 1780-இல் இயற்றிக்கொண்ட அரசமைப்பு இன்றும் நடைமுறையில் உள்ளது. அதுவரை அவற்றை இணைத்திருந்த 1781-ஆம் ஆண்டின் கூட்டிணைப்பு உடன்படிக்கையின்படி, பொதுப் பேரவையால் வரி விதிக்கக்கூட இயலாது. மாநிலங்களிடம் பணம் கேட்க மட்டுமே இயலும். அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகப் புதிய கூட்டரசு ஒன்றை அமைத்து, அதன் சட்டமன்றத்துக்கு உரிய அதிகாரங்களை முதற்கூறின் 8-ஆம் பிரிவில் 18 உட்பிரிவுகளாக எழுதிக் கொடுத்தார்கள். கொடுக்காதவை கொடுத்தவர்களிடமே இருக்கும் என்பதை 1791-இல் நடைமுறைக்கு வந்த 10-ஆம் திருத்தம் உறுதிசெய்தது. (‘ஃபெடரல்’ என்பதற்கு மலேசியத் தமிழர் வழங்கும் ‘கூட்டரசு’ என்ற சொல்லை இம்மடலில் ஆள்கிறேன், அது தனி விவாதம்.)

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நிலப் பத்திரங்களில் ஒரு பழைய ஆட்சி உண்டு. நிலத்தை விற்பவர், அதில் ஏதேனும் ஓர் உரிமையை மட்டும் விற்காமல் தம்மிடமே வைத்துக்கொள்வதை அச்சொல் குறிக்கும். நம் கிரயப் பத்திரங்களிலும் இது உண்டு. வயலை விற்பவர் கிணற்றுப் பாத்தியத்தையோ வண்டிப்பாதைப் பாத்தியத்தையோ தமக்கென வைத்துக்கொண்டு மற்றதை எழுதிக் கொடுப்பார். அந்தக் கிணற்றுப் பாத்தியத்தை வாங்கியவர் விற்றவருக்கு ஒதுக்கினார் என்று எந்த ஊரிலும் சொல்ல மாட்டார்கள். 10-ஆம் திருத்தத்தின் சொல்லும் இத்தகையதே. ‘ஒதுக்கப்பட்ட’ என்னும் செயப்பாட்டு வினை யார் ஒதுக்கினார் என்பதை மறைத்துவிடுவதால், படிப்பவர் அந்த இடத்தில் கூட்டரசைத் தாமாகவே நிரப்பிக்கொள்கிறார்.

‘எஞ்சிய அதிகாரம்’ இந்திய அரசமைப்பைப் படித்தவர்களுக்குப் பழகிய சொல். மூன்று பட்டியல்களிலும் அடங்காதவை 248-ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றத்துக்கு உரியவை. அவற்றை மாநிலங்களுக்கு மாற்ற வேண்டும் என்று தமிழ்நாடு அரசு அமைத்த இராஜமன்னார் குழு 1971-இல் பரிந்துரைத்தது. இவ்வாறு நிலைபெற்றுவிட்ட சொல்லை அமெரிக்காவுக்கும் ஆண்டால், அங்கும் பட்டியல்கள் பல இருப்பதாகவும், அவற்றில் விடுபட்டவை மாநிலங்களைச் சேர்வதாகவும் தோன்றும். அமெரிக்க அரசமைப்பில் மாநிலப் பட்டியல் என்று ஒன்று இல்லவே இல்லை. மாநிலங்கள் செய்யக்கூடாதவை மட்டுமே முதற்கூறின் 10-ஆம் பிரிவில் எழுதப்பட்டுள்ளன: நாணயம் அடித்தல், அயல்நாட்டு உடன்படிக்கை செய்துகொள்ளுதல் முதலியன. பள்ளிக் கல்வி, காவல், திருமணச் சட்டம், ஓட்டுநர் உரிமம், குற்றவியல் சட்டத்தின் பெரும்பகுதி என அன்றாட வாழ்வைத் தொடும் ஆட்சியெல்லாம் மாநிலங்களிடம் இருக்கும்போது அதனை ‘எச்சம்’ என்று அழைப்பது எனக்கு ஒப்பவில்லை.

இந்த வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதும் அன்று. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களாகத் தன் மாநிலத்திலிருந்து போட்டியிடுவோர்க்குப் பதவிக்கால வரம்பு விதித்து ஆர்கன்சா மாநிலம் 1992-இல் தன் அரசமைப்பைத் திருத்தியது. கூட்டரசின் அரசமைப்பு அதைத் தடுக்கவில்லையே என்பது மாநிலத்தின் வாதம். 1995-இல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் அத்திருத்தத்தைச் செல்லாது என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் கூறிய காரணத்தை நம் விவாதத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: முன்பு தம்மிடம் இருந்ததைத்தான் மாநிலங்கள் வைத்துக்கொண்டிருக்க இயலும்; நாடாளுமன்றமே அரசமைப்பினால் பிறந்தது என்பதால், அதன் உறுப்பினர்க்குத் தகுதி விதிக்கும் அதிகாரம் அதற்கு முன்பு மாநிலங்களிடம் இருந்திருக்க முடியாது. அரசமைப்பு வாய் திறக்காத இடமெல்லாம் மாநிலங்களுக்கு உரியது என்று நீதிபதி தாமஸ் மாறுபட்டு எழுதினார். ‘எஞ்சிய’ என்ற சொல்லைத் தேர்ந்தால், நம்மையறியாமல் அந்த மாறுபட்ட தீர்ப்பின் பக்கம் சாய்ந்துவிடுகிறோம்.

ஆகவே ‘தக்கவைத்த அதிகாரம்’ என்பதை முன்மொழிகிறேன். தேர்தல் செய்திகளில் ‘தொகுதியைத் தக்கவைத்தது’ என்று நாள்தோறும் படிக்கிறோம். முன்பே தன்னிடம் இருந்ததைக் கைநழுவ விடவில்லை என்பது கேட்டவுடன் விளங்குகிறது. 1941-இல் டார்பி வழக்கில் நீதிபதி ஸ்டோன் இத்திருத்தத்தை விளக்கும்போதும், விட்டுக்கொடுக்காதவை எல்லாம் தக்கவைக்கப்பட்டவையே என்ற பொருளில்தான் எழுதினார். அதிகாரத்தைத் தக்கவைத்தல் என்பது பதவியை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்வதையும் நினைவூட்டும் என்பதை மறுக்கவில்லை. ‘கையிருப்பு அதிகாரம்’ என்பதை எண்ணிப் பார்த்தேன். அது செலவழிக்கச் செலவழிக்கக் குறையும் பண்டத்தைக் குறிக்கிறது. காப்புக்காடு போலக் ‘காப்பு அதிகாரம்’ எனலாம் என்றால், பாதுகாக்கும் அதிகாரம் என்று பொருள் மயங்கும்.

இச்சொல்லுக்கு எதிராக எழக்கூடிய வலுவான வினா ஒன்றுண்டு. இன்றைய 50 மாநிலங்களில் 37 பின்னர் சேர்ந்தவை. அவற்றுள் பெரும்பாலானவை கூட்டரசின் ஆட்சிப்புலங்களிலிருந்தே உருவானவை. முன்பு இல்லாததை அவை எப்படித் தக்கவைக்கும்? இதற்கு விடை, புதிய மாநிலம் எதுவும் பழைய 13 மாநிலங்களோடு சமநிலையில் சேர்கிறது என்னும் கோட்பாடு. தலைநகரை 1913 வரை கத்ரியிலிருந்து மாற்றக்கூடாது என்ற நிபந்தனையோடு 1907-இல் ஒக்லகோமா சேர்க்கப்பட்டது. 1910-இலேயே அம்மாநிலம் தலைநகரை ஒக்லகோமா நகரத்துக்கு மாற்றியது. 1911-இல் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. முதல் மாநிலங்கள் விட்டுக்கொடுக்காததைக் கடைசியாகச் சேர்ந்த மாநிலமும் தன்னுடையதாகவே பெறுகிறது.

இணைச்சொற்களையும் சேர்த்தே முடிவு செய்வது நல்லது. கூட்டரசிடம் உள்ளவற்றை ‘ஒப்படைத்த அதிகாரங்கள்’ எனலாம். ‘வெளிப்படையாக ஒப்படைத்த’ என்று எழுதிவிடக் கூடாது. பழைய உடன்படிக்கையில் அந்த அடைமொழி இருந்தது. 1789-இல் அதைத் திருத்தத்திலும் சேர்க்கக் கோரியபோது, திருத்தங்களை முன்மொழிந்த மேடிசன் எதிர்த்தார், பிரதிநிதிகள் அவையும் அதை ஏற்கவில்லை. அந்த அடைமொழி இல்லாமையைச் சுட்டிக்காட்டித்தான் 1819-இல் தலைமை நீதிபதி மார்ஷல், வங்கி என்ற சொல்லே இல்லாத அரசமைப்பின் கீழ்த் தேசிய வங்கி செல்லும் என்று தீர்ப்பளித்தார்.

நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) வரும்போது சொல் மாற வேண்டும். கூட்டரசின் அரசமைப்பு அவற்றைக் குறிப்பிடவே இல்லை. அவை மாநிலம் படைத்தவை. பென்சில்வேனியா மாநிலத்தின் அலிகேனி நகரத்துப் பெரும்பான்மையோர் மறுத்தும் அந்நகரம் பிட்ஸ்பர்க்குடன் இணைக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் 1907-இல் ஏற்றுக்கொண்டது. ஒரு மாநிலத்தை இவ்வாறு இன்னொன்றோடு இணைத்துவிட முடியாது. இரண்டின் சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும் இசைய வேண்டும். ஆகவே நகராட்சிகளுக்கு உள்ளவை மேலிருந்து ‘வழங்கிய அதிகாரங்கள்’. கேட்பவரின் நிலை நோக்கி ஈ, தா, கொடு என்று கொடைச்சொல்லையே மூன்றாகப் பிரித்த மொழியில், கீழிருந்து மேலே சென்ற அதிகாரத்துக்கும் மேலிருந்து கீழே வந்த அதிகாரத்துக்கும் ஒரே சொல்லை வைப்பது முறையாகாது.

10-ஆம் திருத்தம் ‘மாநிலங்களுக்கு’ என்பதோடு நிற்காமல் ‘அல்லது மக்களுக்கு’ என்றும் சொல்வதால், ‘மாநிலத்தின் தக்கவைத்த அதிகாரம்’ என்று தலைச்சொல்லையே குறுக்கிவிடாமல், ‘மாநிலங்களோ மக்களோ தக்கவைத்த அதிகாரங்கள்’ என்று விளக்கக் குறிப்பில் எழுதலாம். 9-ஆம் திருத்தத்தில் மக்களின் உரிமைகளுக்கு வேறு ஆங்கிலச் சொல் வருகிறது; அங்கும் ‘தக்கவைத்த உரிமைகள்’ என்பதையே வைத்தால், மூலத்தில் உள்ள சொல் வேறுபாடு தமிழில் மறையும். அந்த இழப்பு ஏற்கத்தக்கது என்பது என் கருத்து. ஏற்காதவர்கள் 9-ஆம் திருத்தத்துக்கு வேறு சொல் தந்தால் நன்றியுடன் சேர்த்துக்கொள்வேன். ‘தக்கவைத்த’ என்னும் பெயரெச்சமா, ‘தக்கவைப்பு’ என்னும் தொழிற்பெயரா என்பதையும் இலக்கணம் அறிந்தோர் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்,
குழும உறுப்பினர் ஒருவர்