எம்டன் ராத்திரிக்கு வேஷம் வேண்டாம்

ராயபுரத்துச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முதல் உலகப்போரில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னை மேல் குண்டு போட்ட நாளான செப்டம்பர் 22-ஐ எப்படி நினைவுகூரலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கிறீர்கள். மெல்பர்ன் தம்பி சொன்னபடி தட்டியில் கப்பல் செய்து, நாலு பையன்களுக்கு ஜெர்மன் சீருடை மாட்டி, ஸ்பீக்கரில் பீரங்கிச் சத்தம் போடலாம்தான். கூட்டம் சேரும். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

1914-இல் அந்த ராத்திரி ஒன்பதரை மணிவாக்கில் வந்த எம்டன் நூற்றுக்கும் மேல் குண்டு போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றிக்கொண்டன. அரை மணிக்குள் கேப்டன் முல்லர் கப்பலைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நவம்பரில் கோகோஸ் தீவுப் பக்கம் தம்பி இருக்கும் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனின் கணக்கை முடித்தது. கப்பல் கதை அவ்வளவுதான். நாம்தான் இன்றுவரை கில்லாடி ஆட்களை 'எம்டன்' என்று வீட்டுக்கு ஒருவரைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். (விடுதலைப் போராட்டக்காரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தாரா இல்லையா என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். போன வருஷம் பட்டது போதும்.)

எம்டனுக்குப் பயந்து மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய நம் சனங்களைக் காட்டுவோம் என்கிறேன். அது இரண்டாம் உலகப்போரின்போது 1942-இல் மறுபடியும் நடந்தது. ஏப்ரல் 5 கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அவசர வேலை இல்லாதவர்கள் பட்டணத்தை விட்டுப் போங்கள் என்றது அரசு. எங்கள் ஆயா, அதாவது பாட்டி, அப்போது புதுப்பெண். வீட்டைப் பூட்டி, சாவியைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு வாலாஜா போனார். மாசக்கணக்கில் கழித்து வந்தால், உப்புக்காற்றில் துருவேறிய பூட்டு திறக்கவில்லை. ரம்பம் வைத்து அறுத்தார்கள். பித்தளைப் பூட்டு, இரும்பு வளையம். அறுத்த இடம் இன்னும் விரலைச் சுரண்டும். குண்டு விழுந்தால் தப்பி வந்துவிடும் என்று பயந்து மிருகக்காட்சிசாலைப் புலி, சிங்கங்களை அப்போது சுட்டுக் கொன்றதைச் சொல்லும்போதெல்லாம் ஆயா, "அதுங்களுக்கு வாலாஜாவுல சொந்தக்காரங்க இல்லியே" என்பார்.

ஆகவே என் யோசனை இது. காலையில் உயர்நீதிமன்ற மதிலில் உள்ள எம்டன் கல்வெட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வருவோம். ராத்திரி ஒன்பதரைக்குத் தெருவில் பத்து நிமிஷம் விளக்கணைப்பு. அந்தக் காலம்போல ஜன்னல் கண்ணாடியில் பழுப்புத்தாள், உள்ளே ஒரு சிம்னி விளக்கு. பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு பழைய வேட்டியைக் கொடுத்து, ஐந்து நிமிஷத்தில் மூட்டை கட்டச் சொல்லுவோம். என்ன எடுப்பார்கள், எதை விடுவார்கள் என்று பார்க்கலாம். அப்புறம் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சொல்லட்டும். மைக் வேண்டாம்.

வெளியூரில் இருப்பவர்கள் பணத்தைவிட முதலில் குரலை அனுப்புங்கள். 1942-இல் உங்கள் வீட்டார் எந்த ஊருக்குப் போனார்கள், யார் வீட்டில் தங்கினார்கள், எதைத் தூக்கிப் போனார்கள் என்று பெரியவர்களையே பேசவிட்டு போனில் பதிவு செய்யுங்கள்.

லண்டன் அக்கா, உங்கள் அம்மாவிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். திருவள்ளூரில் இடம் கொடுத்தவர் பேர் நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது என்று போன தடவை என்னிடம் சொன்னார்கள்.