‘அக்ரீ டு டிஸ்அக்ரீ’: உடன்படாமைக்கு உடன்படுவதா, வாதநிறுத்தமா?

> ‘அக்ரீ டு டிஸ்அக்ரீ’ என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் ‘உடன்படாமைக்கு உடன்படுதல்’ என்றே வைக்கலாம். பொருள் நேராக இருக்கிறது.

ஐயா, நேராக இல்லை என்பதுதான் சிக்கல். தொழிற்சங்கப் பேச்சுவார்த்தைத் தாள்களில் ‘உடன்பாடு’ என்றால் கையெழுத்தான ஒப்பந்தம். 2025 வரை நடப்பிலிருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டப்படி, சமரச அலுவலர் முன்னிலையில் பேச்சு முடிந்தால் 12(3) பிரிவின்படி ஒப்பந்தம். முடியாவிட்டால் 12(4) பிரிவின்படி முறிவறிக்கை. ‘உடன்படாமைக்கு உடன்பட்டனர்’ என்று எழுதினால், கோப்பைப் புரட்டுகிறவர் இரண்டில் எது என்று விழிப்பார்.

ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் தோல் வியாபாரத்தில் வரக்கூடிய தகராறு ஒன்றைப் பாருங்கள். உப்புத்தோல் ஷாப்புக்கு, அதாவது தோல் பதனிடும் இடத்துக்கு, வருகிறது. ஊறவைத்து, சுண்ணாம்பு போட்டு, முடி எடுத்தபின் மேல்பரப்பில் பொடிப்பொடியாகக் குழி. உரித்த தோலுக்கு உப்பு போடத் தாமதமானாலும் பாக்டீரியா அரிக்கும். ஊறல் தொட்டியில் அதிக நேரம் கிடந்தாலும் அரிக்கும். முடி இருக்கும்வரை குழி கண்ணில் படாது. பட்டபின் எப்போது விழுந்தது என்று காட்டுவது கடினம். மண்டிக்காரர் தொட்டியைச் சொல்வார், ஷாப்புக்காரர் உப்பைச் சொல்வார். விலையில் கொஞ்சம் கழித்துக்கொண்டு அடுத்த லோடு பேசப் போய்விடுவார்கள். காரணம் பற்றி இருவரும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள், சரக்கு நகர்கிறது. நம் சொல் இதைத்தான் பிடிக்க வேண்டும்.

ஆகவே போர்நிறுத்தம் போல ‘வாதநிறுத்தம்’. போர்நிறுத்தத்தில் படைகள் அவரவர் எல்லையில் இருக்கும். சமாதானம் ஆகிவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. ‘ஒத்திவைப்பு’ ஆகாது, அதில் மறுபடி பேசுவோம் என்ற தவணை இருக்கிறது. ‘முரண்விடுப்பு’ என்றும் ஒரு யோசனை வந்தது. அலுவலகத்தில் அதை லீவுக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

— காட்பாடியிலிருந்து

> ஆகவே போர்நிறுத்தம் போல ‘வாதநிறுத்தம்’.

வேலூரில் வாதம் என்றால் முதலில் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும், நிறுத்த மருந்து கேட்பார்கள்! கோர்ட்டிலோ வக்கீல் பேசி முடித்ததாகப் பொருள்படும். இன்னொன்று: ஒருவர் மட்டும் வாயை மூடிக்கொண்டால் அது விட்டுக்கொடுப்பது. ‘இருதரப்பு’ என்ற அடை இல்லாமல் இச்சொல் நிற்காது.

தொடரின் வரலாறும் அதையே சொல்கிறது. ஆங்கிலேய மதபோதகர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு 1750-இல் கடிதம் ஒன்றில் இதை எழுதினார். அவர் இறந்தபோது, 1770-இல், இரங்கல் பிரசங்கத்தில் மெதடிஸ்ட் இயக்கத் தலைவர் ஜான் வெஸ்லி எடுத்தாண்டார். யார் மீட்படைவார் என்பதைக் கடவுள் முன்பே விதித்துவிட்டார் என்ற முன்விதிக் கொள்கையில் இருவரும் கடுமையாக மோதிக்கொண்டவர்கள், ஆனால் உறவை அடியோடு அறுக்கவில்லை.

ஆனால் கணிதக் கட்டுரைக்கு உங்கள் சொல் உதவாது. கணிதவியலாளர் ராபர்ட் ஆமன் இதே தொடரைத் தலைப்பாக்கி 1976-இல் நிறுவியது வேறு: ஒரு நிகழ்வின் வாய்ப்பு பற்றி ஒரே முன்நிகழ்தகவோடு (தொடக்க மதிப்போடு) தொடங்கிய இருவர், தத்தம் தகவலைப் பார்த்தபின் வைத்திருக்கும் முடிவு மதிப்புகள் இருவருக்கும் பொது அறிவாகிவிட்டால், அதாவது மற்றவருக்குத் தெரியும் என்பதும் இருவருக்கும் அடுக்கடுக்காகத் தெரிந்துவிட்டால், அவை வேறுபட முடியாது. அங்கே வாதமும் இல்லை, நிறுத்தமும் இல்லை. அதற்கு ‘அறிந்தே வேறுபடல்’ என்று தனியாக வைக்கலாம்.

— வாணியம்பாடியிலிருந்து

> ‘இருதரப்பு’ என்ற அடை இல்லாமல் இச்சொல் நிற்காது.

சரிங்க ஐயா, அடை இருக்கட்டும். கணிதத்துக்கு உங்கள் சொல்லே. ஆந்திரத்தோடு நமக்குள்ள பாலாற்றுத் தடுப்பணைப் பிரச்சினை போல வழக்கு நடக்கும் இடத்தில் இரண்டுமே செல்லாது. அங்கே வாதம் நிற்கவே இல்லை. கூட்டக் குறிப்பில் எழுத ஒரு மாதிரி:

“குழிக்குக் காரணம் உப்பா, ஊறலா என்பதில் இருதரப்பு வாதநிறுத்தம். கழிவுத்தொகை பாதிப்பாதி. அடுத்த லோடு பழைய விலைக்கே.”

— காட்பாடியிலிருந்து