குடுமியான்மலைக் கல்வெட்டை வைத்து நாவல்: 7ஆம் நூற்றாண்டுக்குப் போகிற பெண் எந்த இசையைக் கேட்பாள்?

வீணை டீச்சர்:
வணக்கம். இருபது வருடமாக வீணை கற்றுத்தருகிறேன். நாவல் எழுதுவது இதுதான் முதல் முறை. 140 பக்கம் வந்துவிட்டது. நாயகி மீனாவுக்குப் பதினான்கு வயது. குடுமியான்மலையில் மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில் இருக்கிற இசைக் கல்வெட்டைத் தன் வீணையில் வாசித்துப் பார்க்கிறாள். அது வெட்டப்பட்ட காலத்திற்கே போய்விடுகிறாள்.

அந்தப் பாறை முன் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். கிரந்த எழுத்தில் 38 வரிகள். ஏழு ராகங்களுக்கு ஏழு பகுதிகள், சுரங்கள் நான்கு நான்காக. சாய்ந்த வெளிச்சம் விழுந்தால்தான் எழுத்து எழுந்து நிற்கும். சுரம் அத்தனையும் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் எப்படி ஒலித்தது என்று அடித்துச் சொல்ல ஆளில்லை. அந்த ஏக்கம்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

சிக்கல் பதினோராம் அத்தியாயத்தில். அங்கே ஒரு முதிய பாணர் யாழ் மீட்டுகிறார். ‘மீனாவுக்குக் கல்யாணி போலக் கேட்டது’ என்று எழுதினேன். மூன்று நாளாக அந்த வரி உறுத்துகிறது. கல்யாணி மாதிரி ராகங்களை வகைப்படுத்தும் 72 மேளகர்த்தா முறையே 17ஆம் நூற்றாண்டில் வந்தது. அவள் காதில் என்னதான் விழும்? அவள் வீணை வாசித்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

ஓதுவார் வீட்டுப் பிள்ளை:
அம்மா, கல்யாணியை எடுத்துவிடுங்கள். ராகத்தின் பெயரே வேண்டாம். அதே நூற்றாண்டில் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் தருமபுரம் நிகழ்ச்சி உங்களுக்குத் தெரிந்திருக்கும். சம்பந்தர் ‘மாதர் மடப்பிடியும்’ பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணரால் அதை யாழில் கொண்டுவர முடியவில்லை. யாழையே முறிக்கப் போனார். அதனால்தான் அந்தப் பதிகத்திற்கு யாழ்முரி என்று பெயர். இன்று அதை அடாணா ராகத்தில் பாடுகிறோம். குரலுக்கு வசப்பட்டது நரம்புக்கு வசப்படாத காலம் அது. உங்கள் பாணர் அந்த வலியை அறிந்தவராக இருக்கட்டும்.

தச்சன் மகன்:
படங்களையும் சிற்பங்களையும் பார்த்து ஏழு நரம்பில் ஒரு யாழ் செய்து பார்த்தேன். வீணை பழகிய கை அதில் தடுமாறும். தந்தியை அழுத்திப் பிடிக்க வீணையில் இருக்கிற மெட்டு இதில் கிடையாது, ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். உங்கள் வீணையில் 24 மெட்டு, ஒரே மெட்டில் தந்தியை இழுத்து அடுத்த சுரத்தையும் தொட்டுவிடுவீர்கள். யாழில் இழுத்தால் நரம்பின் சுருதி கலைந்துவிடும், அவ்வளவுதான். மீட்டியதும் ஒலி பளிச்சென்று எழும்பி, ஒரு மூச்சு விடுவதற்குள் அடங்கிவிடும். மீனா முதலில் கவனிப்பது அந்த அடக்கமாகத்தான் இருக்கும்.

இரவு வாசகன்:
எனக்கு இசை தெரியாது. மாயக் கதைகளை விடாமல் படிப்பவன். கல்வெட்டை வாசித்தால் காலம் திறக்கும் என்றால், இதுவரை வாசித்துப் பார்த்தவர்கள் ஏன் போகவில்லை? மீனா மட்டும் ஏன்? இதற்குப் பதில் இல்லாவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் நான் நம்ப மாட்டேன்.

வீணை டீச்சர்:
இரவு வாசகன், நேற்று உங்கள் கேள்வியோடுதான் படுத்தேன். பதில் பாறையிலேயே இருக்கிறது. அங்கே ‘ரி’ என்று மட்டும் இல்லை. ர, ரி, ரு, ரெ என்று ஒவ்வொரு சுரமும் நான்கு உயிரோசையில் வருகிறது. நுண்ணிய சுருதி வேறுபாடு என்று சிலர் சொல்கிறார்கள்; விரல் மீட்டும் விதம் என்று சிலர். என் கதையில் எல்லோரும் சுரத்தை மட்டும் வாசித்தார்கள். மீனா அந்த உயிரோசைகளை விரலுக்கு மாற்றுகிறாள். வழி அதனால் திறக்கிறது.

பதினோராம் அத்தியாயத்தைக் காலையில் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். ஓதுவார் வீட்டுப் பிள்ளைக்கும் தச்சன் மகனுக்கும் கைகூப்பி நன்றி. இப்போது ராகப் பெயர் இல்லை. பாணர் ஏழு நரம்பையும் ஒரு முறை மீட்டி நிறுத்துகிறார். ஒலி அடங்கிய பிறகு குடைவரைக்குள் வௌவால் சிறகடிப்பது மீனாவுக்குக் கேட்கிறது. பிறகு அவள் தன் வீணையில் ஒரு தந்தியை மெட்டின் மேல் இழுக்கிறாள். ஒன்றிலிருந்து இரண்டு சுரம். பாணர் எழுந்து வந்து, வீணையைத் தலைகீழாகத் திருப்பி, தண்டியின் அடியில் விரலை ஓட்டி, இன்னொரு நரம்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறார்.