ஆடியில் வரும் டிவிடெண்ட்: டெல்டாக்காரர்கள் பட்ட அனுபவம்

ஒரத்தநாட்டு விவசாயி:

எனக்கு மூன்று ஏக்கர் நஞ்சை, ஒன்றரை ஏக்கர் தென்னை. சம்பா நெல்லை டிபிசியில், அதாவது அரசு நெல் கொள்முதல் நிலையத்தில், போட்டுப் பணம் கணக்கில் ஏறத் தை, மாசி ஆகிவிடும். செலவு தொடங்குவதோ மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த பிறகு, ஆடி ஆவணியில். உழவு, நாற்று, நடவுக் கூலி, டிஏபி உரம் என்று வரிசையாக நிற்கும். அதற்குள் நெல்லுப் பணம் கரைந்திருக்கும். தேங்காய் வெட்டுதான் கை கொடுத்துக்கொண்டிருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே ராத்திரியில் தோப்பைப் படுக்க வைத்ததும் அதுவும் போயிற்று. அப்புறம் ஆடி பிறந்தாலே மனைவியின் வளையல் பாங்குக்குப் போகும்.

பங்குச் சந்தைப் பக்கம் என்னை இழுத்தது இந்த ஆடிக் கணக்குதான். மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனிகள் செப்டம்பருக்குள் பொதுக்குழுவைக் கூட்டியாக வேண்டும். அங்கே அறிவித்த டிவிடெண்டை, அதாவது லாபத்தில் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் காசை, 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அதனால் பல கம்பெனிகளின் இறுதி டிவிடெண்ட் ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் வந்துவிடுகிறது. நம் நடவுக்கென்றே யாரோ தேதி குறித்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

முதலில் செய்தது முட்டாள்தனம். டிவிடெண்ட் யீல்டு அதிகமுள்ள பங்குகளின் பட்டியலைச் செல்போனில் பார்த்து, உச்சியில் இருந்ததை வாங்கினேன். விலை 210 ரூபாய், போன வருஷ டிவிடெண்ட் 30 ரூபாய். 14 சதவீதம்! எந்த பாங்கு கொடுக்கும்? அடுத்த ஆவணியில் வந்தது பங்குக்கு 4 ரூபாய். விலையும் 130க்கு இறங்கியிருந்தது. பிறகுதான் ஆண்டறிக்கையைத் தேடிப் படித்தேன். அந்த 30 ரூபாயில் 24 ரூபாய், நிலம் விற்ற காசில் ஒரே ஒரு தடவை கொடுத்த சிறப்பு டிவிடெண்ட். வியாபாரத்திலிருந்து வந்தது வெறும் 6 ரூபாய். 210க்கு 6 என்றால் மூன்று சதவீதம்கூட இல்லை.

யீல்டு என்பது டிவிடெண்டை விலையால் வகுத்து வருவது. பங்கு விலை பாதியானால், டிவிடெண்ட் ஒரு பைசா கூடாமலே யீல்டு இரண்டு மடங்காகிவிடும். பட்டியலில் ஏறி நிற்பவற்றில் சில, விலை விழுந்து கிடப்பதால்தான் ஏறி நிற்கின்றன. இப்போது பத்து வருஷ டிவிடெண்டை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். லாபத்தில் எவ்வளவை வெளியே கொடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன். 100 ரூபாய் சம்பாதித்து 95ஐக் கொடுத்துவிடுகிற கம்பெனிக்கு ஒரு கெட்ட வருஷம் வந்தால் போதும், டிவிடெண்டில்தான் கை வைப்பார்கள். கடனும் ஏறுகிறது, டிவிடெண்டும் வருகிறது என்றால் கிட்டேயே போவதில்லை. அது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குகிற வேலை.

கும்பகோணம், பாத்திரக்கடை:

சார், அப்பா உள்ளூர்ப் பாசத்தில் வாங்கி வைத்தது சிட்டி யூனியன் பேங்க் பங்கு. 1904ல் கும்பகோணம் பேங்க் என்று ஆரம்பித்தது அல்லவா, ஊரில் பலருக்கு அது வீட்டுச் சொத்து மாதிரி. டிவிடெண்டைப் பார்த்தால் சின்னத் தொகைதான். ஆனால் வைத்திருக்கிற பத்துக்கு ஒன்று என்று, காசு வாங்காமல் தருகிற போனஸ் பங்கு வந்து எண்ணிக்கை கூடியிருக்கிறது. இதை டிவிடெண்ட் பங்கு என்பதா, லாபத்தைத் தொழிலிலேயே போட்டு வளர்கிற வளர்ச்சிப் பங்கு என்பதா, எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒன்று சொல்ல வேண்டும். கொரோனா வந்தபோது, 2019-20 லாபத்திலிருந்து எந்த வங்கியும் டிவிடெண்ட் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. நன்றாக நடக்கிற வங்கிக்கும் அதே கதிதான். நடவுக் காசுக்கு வங்கிப் பங்குகளை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

நான் ஏமாந்த கதை வேறு. '300 சதவீத டிவிடெண்ட்' என்று செய்தி பார்த்ததும் கல்லாவைக்கூடப் பூட்டாமல் ஆர்டர் போட்டேன். அந்தச் சதவீதம் சந்தை விலைக்கு அல்ல, பங்குக்குக் கம்பெனி குறித்து வைத்த முகமதிப்புக்கு! முகமதிப்பு ஒரு ரூபாய், டிவிடெண்ட் மூன்று ரூபாய். நான் வாங்கிய விலை 900. அந்த மூன்று ரூபாயும் எனக்கு வரவில்லை என்பதுதான் கொடுமை. எக்ஸ் டேட் அன்றைக்கு, அதாவது அந்த டிவிடெண்டுக்கு உரிமை இல்லாமல் பங்கு கைமாறத் தொடங்கும் நாளில், வாங்கியிருக்கிறேன். அதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டுமாம்.

மன்னார்குடி டீச்சர்:

அண்ணே, உங்களுக்கு ஆடியில் காசு வேண்டும், சரி. மாதச் சம்பளம் வாங்குகிற எனக்கு டிவிடெண்ட் எதற்கு? 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட் நம் வருமானத்தோடு சேர்ந்து, நம் வரி விகிதத்தில் வெட்டுப்படுகிறது. 30 சதவீதத்தில் இருப்பவருக்கு 100 ரூபாயில் 70கூட முழுதாகக் கையில் நிற்காது. பங்கை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், வருஷத்துக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம்தான். லாபத்தைக் கம்பெனியே வைத்துக்கொண்டு அடுத்த கடை, அடுத்த ஆலை என்று போடட்டும் என்பது என் கட்சி.

டைட்டனை அப்படித்தான் வைத்திருக்கிறேன். டாடாவும் நம் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் 1984ல் சேர்ந்து தொடங்கி ஓசூரில் ஆலை போட்ட கம்பெனி. இன்றைய விலைக்கு டிவிடெண்ட் ஒரு சதவீதம்கூடத் தேறாது.

வளர்ச்சி என்ற பெயரில் அடி வாங்கவில்லையா என்றால், வாங்கினேன். ஆசிரியர் அறையில் எல்லோரும் பேசிய ஒரு சின்னக் கம்பெனியைப் பி.இ. 90ல் வாங்கினேன். அதாவது ஒரு ரூபாய் லாபத்துக்கு 90 ரூபாய். லாபம் அப்புறமும் 12 சதவீதம் வளர்ந்தது. ஆனால் சந்தை எதிர்பார்த்தது 40. கம்பெனி நன்றாகத்தான் இருந்தது, என் பணம் பாதியாயிற்று.

ஒரத்தநாட்டு விவசாயி:

டீச்சர் சொல்வது நியாயம். வரி என்றதும் ஞாபகம் வருகிறது. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது என்றே பழகியவன் நான், ரிட்டர்ன் என்ற சொல்லே வீட்டில் கிடையாது. ஒரு கம்பெனியின் டிவிடெண்ட் வருஷத்துக்கு 5,000ஐத் தாண்டியதும் 10 சதவீதம் பிடித்துவிட்டார்கள். திரும்ப வாங்க ரிட்டர்ன் போட்டே தீர வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 10,000 ஆகியிருக்கிறது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள், வரி பிடிக்க வேண்டாம் என்று அதற்குரிய படிவத்தை முன்கூட்டியே அனுப்பிவிடலாம்.

என் டிவிடெண்ட் முழு நடவுக்கும் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் நாற்றுக்கும் உழவுக்கும் சரியாக இருந்தது. வழக்கமாக ஆறு வளையலும் பாங்குக்குப் போகும், இந்த ஆடியில் இரண்டுதான் போயிருக்கிறது.